பின்வாசலில் சாய்ந்த ஏணி

ஏணியிலிருந்து பூ வாசனை வந்தது.

ஹேமாவதி சமையலறைப் பின்கதவுக்கு உள்ளே நின்று மறுபடி மூச்சை இழுத்துப் பார்த்தாள். சாமந்தி, ரோஜா, அவற்றுக்கு அடியில் நனைந்த வைக்கோல். ஆடிக் கிருத்திகை சாயங்காலம் திருத்தணியில் பூ வாசனை இல்லாத இடம் எது, தெரு முழுக்கப் புஷ்பக் காவடி போய்க்கொண்டிருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் காற்று இல்லை. கொல்லையில் காயப்போட்ட புடவைகள் அசையாமல் தொங்கின. கதவுக்கு வெளியே, மாடித் தளத்தின் விளிம்பில் தலை வைத்துச் சாய்ந்திருந்த மூங்கிலிலிருந்துதான் அந்த வாசனை கசிந்து வந்தது.

மத்தியானம் அவள்தான் ஏணியை அங்கே நகர்த்தினாள். கிணற்றடிச் சுவரில் நின்றிருந்ததைச் சுவரோடு சுவராகத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு தடவைகூட அதற்கு அடியில் போய்விடாமல் பக்கவாட்டிலேயே நின்று தள்ளினாள். கடைசியில் அதன் கால் நழுவி அவள் கால்விரலில் இறங்கியது. மெட்டி நசுங்கி முட்டை வடிவமானது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாள். கத்தினால் உள்ளே படுத்திருந்த ஓரகத்தி யோகலட்சுமி எழுந்து வந்துவிடுவாள்.

அந்த ஏணியில்தான் மாமனார் கோதண்டபாணி கடைசியாகப் போனார். முந்தின வருஷக் கார்த்திகைப் புயலில் தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர். பாடை கட்ட மூங்கில் கிடைக்கவில்லை. வீட்டு ஏணியையே படுக்க வைத்து, வைக்கோல் பரப்பி, பச்சைத் தென்னங்கீற்றைப் போட்டுக் கட்டினார்கள். சுடுகாட்டிலேயே வெட்டி நெருப்பில் போட்டிருக்க வேண்டும். சின்ன மகன் திலீப் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"நல்ல மூங்கில்மா. நனைஞ்சு எரிய மாட்டேங்குது. மாடி கட்டறப்போ ஏணி வேணாவா?"

"ஏண்டா, உங்க நைனாவ எறக்குனதுல செங்கல்ல ஏத்துவியா?" என்று மாமியார் கௌரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே வந்துவிட்ட பொருளைத் திருப்பி அனுப்பவும் அவளுக்குப் பயமாக இருந்தது. ஏணியை எட்டி நின்றே பார்த்தபடி சொன்னாள்: "இத யாரும் படுக்க வைக்காதீங்க. கீழ பூந்து போவாதீங்க. பாடைக்குக் கீழ போறவன் தோள் குடுக்கறவன் மட்டும்தான். தோள் குடுக்காம போனா அடுத்தது அவங்களத்தான் தூக்கும். ஏணிக்கு அடியில போவாதன்னு சொல்றது அதுக்குத்தான். வேற எதுக்குன்னு நெனச்சீங்க?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஹேமாவதி மட்டும் அந்தச் சொல்லை மனசுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தறிக்கூடத்தை ஒட்டிய அறைதான் அவளுக்கு. ஜன்னல் கிடையாது. மலை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு தூங்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டபோது அவள் கணவன் தணிகைமணி சிரித்தான். "மலைய பாத்துகினே படுத்தா தூக்கம் வருமாடி?" இப்போது மாடியில் மலையைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை எழும்புகிறது. திலீப்புக்கும் யோகலட்சுமிக்கும். நேற்று வந்தவள். வயிற்றில் ஒன்றைச் சுமந்ததும் வீட்டுக் குரல்களெல்லாம் அவளிடம் மட்டும் தணிந்துபோயின. இன்று ஹேமாவதி வேண்டிக்கொண்ட காவடியைக்கூடத் திலீப்பின் தோளில் ஏற்றிவிட்டு, "புள்ளத்தாச்சிய ஒண்டியா வுட்டுட்டு வர முடியுமா? நீ இருந்து பாத்துக்கோ" என்று மாமியார் மலைக்குப் போய்விட்டாள். தணிகைமணியும் கூடவே போய்விட்டான்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். குளியலறைக்குப் போக யோகலட்சுமி இந்தப் பின்கதவு வழியாகத்தான் வெளியே வர வேண்டும். கதவைத் தாண்டினால் தலைக்கு மேல் ஏணி. அவ்வளவுதான். தள்ள வேண்டாம், தொட வேண்டாம்.

மலையிலிருந்து ஒலிபெருக்கியில் அரோகரா மிதந்து வந்தது. அடுப்பில் குழம்பு சுண்டிக்கொண்டிருந்தது. யோகலட்சுமியின் செருப்புச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. வாசனை இப்போது கதவைத் தாண்டி உள்ளே வந்து, ஈரத்துணியைப் போல அவள் முகத்தில் படிந்தது.

கரண்ட் போயிற்று. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் நின்றது. கொல்லை கறுத்தது.

"அக்கா!"

குரல் மேலேயிருந்து வந்தது.

"அக்கா, நான் மாடி மேல கீறேன். காவடி பாக்க வாசலுக்குப் போனேன், அப்டியே சந்து வழியா சுத்தி வந்தா ஏணி இங்க கீது! நீங்க அடுப்பாண்ட இருந்தப்போ ஏறிட்டேன். கிணத்துப் பக்கம் இருந்தப்போ ஏற பயமா இருந்துச்சு. எனக்காகவா மாத்தி வச்சீங்க?"

ஹேமாவதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கேர்ந்து மலை எப்டி இருக்குது தெரியுமா! படியெல்லாம் வெளக்கு. நீங்க பாத்ததே இல்லல்ல?" யோகலட்சுமி சிரித்தாள். வன்மம் இல்லாத சிரிப்பு. அதுதான் ஹேமாவதியைச் சுட்டது. "சரி, எறங்கறேன். இருட்டா கீது, கொஞ்சம் ஏணிய புடிச்சுக்கோங்கக்கா."

"ஆங். வர்றேன்."

வாசல் வழியாகச் சுற்றி வந்திருக்கலாம். கோபத்துக்குக் குறுக்கு வழிதான் தெரியும். கதவைத் தாண்டி இருட்டில் கால் வைத்தாள். தலைமயிர் எதிலோ உரசியது. அப்போதுதான் தான் நிற்கும் இடம் புரிந்தது.

அடியில்.

பின்வாங்கவில்லை. தோள் கொடுத்தவர்களை அது ஒன்றும் செய்யாது, மாமியாரே சொன்னதுதானே. தோளைக் கொடுத்து நெம்பினால் அதன் தலை தளத்தைவிட்டு விலகும். யோகலட்சுமி காலை வைக்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. இருட்டில் கர்ப்பிணி தவறி விழுந்தாள் என்பார்கள். ஏன் ஏறினாள் என்பார்கள். அவள் விழவும் தான் தப்பவும் ஒரே தோள் போதும்.

குனிந்து தோளைக் கொடுத்தாள். நெம்பினாள்.

ஏணி கனக்கவில்லை.

மத்தியானம் நகர்த்தவே மூச்சு முட்டிய ஏணி, குழந்தை சாய்வதுபோல அவள் தோளில் வந்து சாய்ந்தது. அதன் கால் தரையைவிட்டு எழுந்தது. முழு ஏணியும் தலைக்கு மேல் மெல்லப் படுத்துக்கொண்டது. வேறு தோள்கள் அதைத் தாங்கிக்கொண்டன. பக்கத்தில் ஒன்று. பின்னால் இரண்டு. நனைந்த வேட்டிகள் கால்களில் அறையும் சத்தம். மழை இல்லை. ஆனாலும் அந்தச் சத்தம்.

அரோகரா நின்றிருந்தது. எப்போது நின்றது?

"அக்கா?" மேலேயிருந்து. "ஏணிய எங்க எடுத்துகினு போறீங்க?"

அவள் போகவில்லை. கால்கள் போயின. துணிக்கொடியைக் கடந்து. கிணற்றைக் கடந்து. சந்துக்குள்.

"அக்கா..." யோகலட்சுமியின் குரல் இப்போது நடுங்கியது. "கூட யாருக்கா அவங்கல்லாம்?"

சொட்டு விழுந்தது. நெற்றியில். குளிர்ந்த சொட்டு. இன்னொன்று.

பார்க்கக் கூடாது.

பார்த்தாள்.

சந்தின் முனையில் தெருக் காவடியொன்றின் விளக்கு அசைந்தது. அந்த வெளிச்சத்தில், தலைக்கு மேலே, மூங்கில் படிகளுக்கு இடையில் பச்சைத் தென்னங்கீற்று. கீற்றைத் தாண்டி நீட்டியிருந்த இரண்டு வெறுங்கால்கள். கட்டைவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

பக்கத்து விரலில், நசுங்கி முட்டை வடிவமான மெட்டி.