ஒரு ஆள் இடம்

புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கோழிப்பண்ணை நாற்றத்தைத் தாண்டி, அர்பாஸ் தங்கசாமியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. பேய்க்கு உகந்த நேரமில்லை என்பீர்கள். அதை அதனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அர்பாஸ் சேலம் அம்மாபேட்டைக்காரன். ஊர் ஊராய்ப் போய், குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் படமெடுப்பவன். பூச்சு கிடையாது, வெட்டி ஒட்டுவது கிடையாது. இருக்கிறவர்கள், இருக்கிறபடி.

தங்கசாமி வீட்டு வழக்கம் வேறு. முதல் மனைவி தெய்வநாயகி இறந்து இருபத்திரண்டு வருஷம். எப்போது படமெடுத்தாலும் தங்கசாமிக்கும் இரண்டாவது மனைவி வசந்தாமணிக்கும் நடுவே ஒரு ஆள் இடம் விட வேண்டும். ஸ்டுடியோக்காரர் அதில் தெய்வநாயகியை ஒட்டித் தருவார். கூடத்துச் சுவரில் ஏழு படங்கள். ஏழிலும் அதே பச்சைச் சேலை, அதே சிரிப்பு. மற்ற இருவருக்கும்தான் தலை நரைத்துக்கொண்டே வந்தது.

“ஒரு படத்துலயாச்சும் நான் இவிங்க பக்கத்துல நிக்கோணுங்க தம்பி,” என்றாள் வசந்தாமணி, மெல்ல. “செத்தா மாட்றதுக்காச்சும் ஆகுமில்லீங்க.”

“நான் ஒட்டறதில்லீங்கம்மா. நெருங்கி நில்லுங்க.”

தங்கசாமி சுவரைப் பார்த்தார்.

வசந்தாமணி ஓரடி நகர்ந்தாள். அப்படியே நின்றாள்.

“இடிக்குதுங்க.”

அர்பாஸின் கேமரா முகங்களைத் தானே கண்டுபிடித்துச் சதுரம் போடும். ஜப்பான்காரன் செய்தது, அதற்கு நம் ஊர்க் குடும்பச் சண்டை தெரியாது.

திரையில் மூன்று சதுரம்.

நடுச் சதுரத்துக்குள் வெறும் சுவர்.

எங்கிருந்தோ ஈரத்தலையின் சீயக்காய் வாசம் வந்தது. நடுச் சதுரம் மெதுவாக வசந்தாமணி பக்கம் நகர்ந்தது. அவள் தோளில் சேலை கசங்கியது, யாரோ கை வைத்துத் தள்ளியது போல.

வசந்தாமணி விறுவிறுவென்று உள்ளே போனாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணியோடு வந்தாள். வீட்டுக்கு வந்த சுமங்கலியை வழியனுப்பும் மரியாதை. ஆளில்லாத இடத்துக்கு நேரே நீட்டினாள்.

“இருபத்திரண்டு வருசம் இருந்தாச்சுங்கக்கா. கெளம்புங்க.”

பிறகு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அர்பாஸ் கையில் திணித்தாள்.

“பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க தம்பி.”

“சரிங்கம்மா,” என்றான். நடுக்கத்தில் மனிதன் எதற்கும் சரி என்பான்.

திரையில் இரண்டே சதுரம். எடுத்தான். தோளோடு தோள். வசந்தாமணி அழகாகச் சிரித்திருந்தாள். தங்கசாமியின் கண் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. அர்பாஸின் முதுகுக்குப் பின்னால் பார்த்தது.

சாயங்காலம் அம்மாபேட்டையில் அவன் மனைவி ஷிரீன் கதவைத் திறந்தாள். அவன் உள்ளே வந்த பிறகும் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கூட்டிட்டு வந்தவங்கள வாசல்லயே விட்டுட்டு நீங்க பாட்டுக்கு வர்றீங்களே. வாங்கக்கா, உள்ள வாங்க.”

அர்பாஸ் மூலைக்குப் போய் வசந்தாமணிக்குப் போன் போட்டான்.

“அம்மா… இங்க…”

“வந்து சேந்துட்டாங்களா?” என்றாள் அவள், நிம்மதியாக. “அக்காவுக்குக் காப்பில சக்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கோணுங்க.”

வைத்துவிட்டாள்.

சமையலறையில் ஷிரீன் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு கரண்டி போடட்டுமாக்கா?”

பிறகு, யாரோ சூடான காப்பியை ஊதி ஊதி உறிஞ்சும் சத்தம்.