கிணற்றடியிலிருந்து வந்த விரிசல்

மாம்பலத்தில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு வேம்பு அக்கா மூன்றாவது பிரசவத்துக்காகச் சித்திரை மாதம் வந்தாள். முதல் இரண்டு குழந்தைகளும் அழாமலே பிறந்தவை. ஜட்காவிலிருந்து இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுவும் போச்சுன்னா நான் இருக்க மாட்டேன்டி."

கொல்லைக் கதவை ஒட்டிய அறையை அவளுக்குக் கொடுத்தோம்.

மறுநாள் அந்த விரிசலைப் பார்த்தேன். கிணற்றடியில் தொடங்கி, மயிரிழை போல, கொல்லையின் சிமெண்டுத் தளத்தில் வீட்டை நோக்கி ஒரு முழம் வந்திருந்தது.

அப்பா கொத்தனார் முனியனை வரவழைத்தார். அவன் சிமெண்டுப் பால் ஊற்றி அடைத்தான். மூன்றாம் நாள் அது மறுபடி திறந்து இன்னும் இரண்டு முழம் வந்திருந்தது.

"ஏரியத் தூத்த மண்ணு சாமி. வெயில்ல சுருங்கிக்கினு போவுது. மேல கீற சிமிட்டி இன்னா பண்ணும்?" என்றான் முனியன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "புதுத் தளத்துக்கு ஏழு நாள் தண்ணி கட்டணும். இதுக்கு நாலு நாள்தானே கெட்ச்சுது."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நாலாம் நாள் எனக்கும் தெரியும். போன வருஷம் தளம் போட்டபோது தண்ணீர் ஊற்ற வந்த சித்தாள் பச்சையம்மா. நிறைமாசம். புதுத் தளத்தை ஏழு நாள் யாரும் மிதிக்கக் கூடாதென்று அப்பா கொல்லைக் கதவைத் தாழிட்டிருந்தார். அவள் ஏரி மேட்டைச் சுற்றிப் பின்பக்கப் படல் வழியாக வருவாள். அன்று உச்சி வெயிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் விழுந்தாள். நான் ஜன்னலில் நின்றேன். இருபதடி தூரம்.

"கதவத் தொறம்மா" என்றாள்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். அப்பா தடுத்தார். "முனியனுக்குச் சொல்லியனுப்பியிருக்கேன், சுத்திண்டு வருவான். தளத்தை மிதிக்காதே."

முனியன் சுற்றிக்கொண்டு வந்தபோது அவளும் குழந்தையும் அடங்கிவிட்டிருந்தார்கள்.

அக்காவுக்கு வலி கண்டதும் உச்சிவேளையில்தான். மருத்துவச்சி கோவிந்தம்மா நெடுநேரம் போராடினாள். பிறகு வெளியே வந்து, குழந்தை அசையவில்லை, சாமியை வேண்டிக்கொள் என்று என் காதில் சொன்னாள்.

நான் கொல்லை ஜன்னலுக்கு ஓடினேன். விரிசல் நிலைப்படிக்கு வந்துவிட்டிருந்தது.

பொட்டு மழை இல்லாத அந்த வெயிலில் அதன் உள்ளே ஈரம் மினுங்கியது. ஏரிச் சேற்றின் வாடை மூக்கில் ஏறியது.

கதவின் அடியில் ஏதோ பிறாண்டியது.

"கதவத் தொறம்மா."

உள்ளே அக்கா கத்தினாள். பிறகு கத்தவும் இல்லை.

நான் தாழ்ப்பாளை நீக்கினேன். நிலைப்படியில் யாரும் இல்லை. கொதிக்கும் தளத்தில் வெறுங்காலோடு நடந்தேன். அன்று நடந்திருக்க வேண்டிய இருபதடி. கிணற்றடியில் நின்று, "உள்ளே வா பச்சையம்மா. எங்கக்காவை விட்டுடு" என்றேன்.

காற்று இல்லை. காக்கை இல்லை.

திரும்பி நடந்தேன். பாதி வழியில் என் காலடிச் சத்தத்தோடு இன்னொன்றும் கேட்டது. ஈரக் காலின் சத்தம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நிலைப்படியைத் தாண்டியபோது என் தோளை உரசிக்கொண்டு ஒரு குளிர்ச்சி எனக்கு முன்னால் உள்ளே போனது.

அந்த நொடியில் குழந்தை அழுதது.

ஆண் குழந்தை. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். முனியன் வந்து விரிசலை மறுபடி அடைத்தான். இந்த முறை அது திறக்கவில்லை. மண் இறுகிவிட்டது என்றார் அப்பா.

பதினோராம் நாள் மத்தியானம் அக்கா என்னைக் கூப்பிட்டாள். மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் தன் இன்னொரு பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். அங்கே ரவிக்கை நனைந்திருந்தது. துணியில் ஏரிச் சேறு.

"இவன் ஒரு பக்கம்தான்டி குடிக்கறான்" என்றாள் மெதுவாக. "இந்தப் பக்கம் ஏன் வத்திண்டே போறது?"