சோப்புக் குமிழ்

எத்தனை முறை கழுவியும் அந்த ஃபிரிட்ஜின் நாற்றம் போகவில்லை. புளித்த பீர் நாற்றமாக இருந்தால் டோரீன் பொறுத்துக்கொண்டிருப்பாள். இது தூங்கி எழுந்த ஆளின் வாய்நாற்றம். நிலவறைப் படிகளில் ஏறி, அடுப்படியைக் கடந்து, அவள் தலையணைவரை வந்தது.

ஃபாண்டுலாக் ஊரில் ஒரு விதவையிடம் அவள் கணவன் ஹார்லன் வாங்கிவந்த பழைய பீர் ஃபிரிட்ஜ் அது. உள்ளே பீப்பாயையும் பீரை மேலே தள்ளும் கரியமில கேஸ் சிலிண்டரையும் வைத்தால், ஃபிரிட்ஜின் மேல் நிற்கும் குழாயில் மதுக்கடையில் வருவதுபோலவே பீர் வரும். ஹார்லன் கதவு ரப்பரை மாற்றினான், ட்யூப்களை மாற்றினான், குழாயைப் பிரித்துப் பிரித்துத் தேய்த்தான். கல்யாணமான இத்தனை வருடத்தில் மனைவியின் காலுக்கு ஒரு தைலம் தடவிவிடாத கைகள்.

"மேல வந்து படுக்கிற எண்ணமே இல்லையா?" என்று வெள்ளிக்கிழமை இரவு படியில் நின்று கேட்டாள்.

"இதச் சரி பண்ணிட்டு வரேன்."

"அதையே கட்டிக்கிட்டுக் கிட. அதுவாவது வாயத் திறக்காம இருக்கும்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "திறக்காதுன்னு யாரு சொன்னா?"

சனிக்கிழமை மதியம் பீப்பாய் வாங்கிவரப் போனான். வெளியே பனி கொட்டியது. வீடு அடங்கியதும் கீழேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. ஸ்ஸ்... பிறகு நிசப்தம். மறுபடி ஸ்ஸ்...

கேஸ் கசிந்தால் நிலவறையில் தேங்கும், இருக்கிற ஆளுக்கு மூச்சு முட்டிவிடும் என்று ஹார்லனே சொல்லியிருந்தான். வேண்டுமென்றே திறந்துவிட்டுப் போயிருப்பானோ? அந்த எண்ணம் அவளுக்கு அதிர்ச்சி தரவில்லை. அதுதான் கசந்தது.

இறங்கிப் போய் முதலில் ஜன்னலைத் திறந்தாள். சிலிண்டரின் திருகு இறுக்கமாக மூடியிருந்தது. சத்தம் நிற்கவில்லை. கசிவு பார்க்க ஹார்லன் கலக்கிவைத்த சோப்புத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. பிரஷால் தொட்டு, ட்யூபின் இணைப்பில் தடவினாள்.

ஒரு குமிழ் எழும்பியது. நெல்லிக்காய் அளவு. உடையவில்லை.

சுருங்கி உள்ளே போனது.

மறுபடி எழும்பியது. சுருங்கியது.

அவள் தன் மூச்சை அடக்கினாள். குமிழ் பாதியில் நின்றது. மூச்சு விட்டாள். அதுவும் விட்டது.

மேலே கதவு சாத்தும் ஓசை. படிகளில் ஹார்லனின் பூட்ஸ். கையில் பீப்பாய் இல்லை. தோளில் பனி, தொப்பியில் பனி. எதுவும் உருகவில்லை.

"ஹார்லன்... அந்தக் குமிழைப் பாரு."

அவன் ஃபிரிட்ஜின் முன் மண்டியிட்டான். குழாயை இரண்டு கைகளாலும் பிடித்து, அதன் முனையில் வாயை வைத்தான். எத்தனையோ வருடமாக அவள் அறியாத மென்மை அதில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வாயை எடுத்தான்.

"மூச்சு வாங்குது இதுக்கு. நான் ஒருத்தனே எவ்வளவு குடுக்குறது? வா, டோரீன். நீயும் குடு."

ஓடச் சொன்னது மனம். அவள் படியை ஒருமுறை பார்த்தாள்.

அவன் மறுபடி குழாயில் வாயை வைத்தான். கன்னம் உப்பியது. ஒடுங்கியது. குமிழ் எழும்பியது. சுருங்கியது. சட்டைப் பொத்தான் அவிழ்ந்து தெரிந்த அவன் மார்பு மட்டும் அசையவே இல்லை.