கொர்னேலியஸின் வலது கால்

சனிக்கிழமை காலை, ஊரிகம் கிளினிக்கின் படியேறும்போதே அந்தக் கால் சத்தம் போட்டது. இடது கால் மெதுவாக வந்தது. வலது கால் ‘டப்’ என்று தரையை அறைந்தது. உள்ளே இருந்த பிசியோதெரபிஸ்ட் ரோனி காதைத் தீட்டிக்கொண்டார். ஐம்பது வயதாகியும், ஆள் செருப்பைக் கழற்றுவதற்குள் நோயைச் சொல்லிவிட வேண்டும் என்ற துடிப்பு அவருக்கு அடங்கவில்லை. பாதி நேரம் சரியாகவும் இருக்கும். மீதிப் பாதியைப் பற்றி அவர் பேசுவதில்லை.

வந்தவர் கொர்னேலியஸ். தினமும் விடியலில் ரயிலேறி பெங்களூரு போய், ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். கூடவே மனைவி ஜெனிட்டா, கையில் ஸ்கேன் உறையோடு.

“டாக்டர், திங்கக்கிழமை இவருக்கு முதுகுல ஆபரேஷன்,” என்றாள் ஜெனிட்டா, உட்காரக்கூடச் செய்யாமல். “பாதத்தைத் தூக்க வரல. ஸ்கேன்ல டிஸ்க் பிதுங்கிகினு கீதாம். இவரு இன்னான்னா, எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டிட்டாரு. எனக்குத்தான் மனசு ஒப்பல. நீங்க ஒரு தபா பாருங்க.”

டாக்டர் அன்புச்செல்வி, தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் நந்திதுர்க் லைன் வீட்டில் வளர்ந்தவர். எதிரே இருப்பவர் எவ்வளவு பதறினாலும் அவர் குரல் உயராது. “உக்காருங்க. எப்போ ஆரம்பிச்சிது?” என்றார்.

“போன வாரத்துக்கு முந்தின வாரம்,” என்றார் கொர்னேலியஸ், தரையைப் பார்த்தபடி. “சாயங்காலம் ரயில்ல இருந்து எறங்கச்சொல்ல கால் மரத்துப் போச்சு. அப்புறம் சரியாவே இல்ல.”

“முதுகு வலி?”

“இல்ல டாக்டர்.”

“ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போறதுல கஷ்டம்?”

“அதெல்லாம் சரியா கீது.”

வாசலில் கிடந்த செருப்புகளை ரோனி எட்டிப் பார்த்தார். வலது செருப்பின் நுனி மட்டும் தேய்ந்து, தெருக்குழாய்ச் சேறு அப்பியிருந்தது. பாதம் தொங்குகிறது, தரையை இழுக்கிறது. அவர் டாக்டரின் காதருகே குனிந்தார்.

“டிஸ்க்தான் டாக்டர். ஸ்கேன்ல கையும் களவுமா மாட்டிகிச்சே, இன்னும் இன்னா?”

“இந்த வயசுல உங்க முதுகை ஸ்கேன் எடுத்தாலும் ஏதாவது பிதுங்கிகினுதான் இருக்கும் ரோனிண்ணா. உங்களுக்குப் பாதம் நல்லாத்தானே தூக்க வருது?”

ரோனிக்கு மனம் ஒப்பவில்லை.

டாக்டர் அவசரப்படவில்லை. கொர்னேலியஸைப் படுக்க வைத்துக் காலை நீட்டியபடியே உயர்த்தினார். எங்கும் சுள்ளென்று இழுக்கவில்லை. சுத்தியலால் தட்டினார், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி துள்ளியது. பாதத்தை மேலே தூக்கச் சொன்னார், தூக்க வரவில்லை. வெளிப்பக்கம் திருப்பவும் வரவில்லை. “இப்போ உள்பக்கம் திருப்புங்க, என் கையைத் தள்ளுங்க,” என்றார். அந்தத் தள்ளலில் டாக்டரே அரையடி நகர்ந்தார். ஒருக்களித்துப் படுத்து முழுக்காலையும் பக்கவாட்டில் தூக்கச் சொன்னபோது, ரோனி தன் எடையைப் போட்டு அமுக்கியும் கால் இறங்கவில்லை. கெண்டைக்காலின் வெளிப்பக்கமும் பாதத்தின் மேற்புறமும் மட்டும் மரத்திருந்தன.

பிறகு டாக்டர் சம்பந்தமில்லாத இடங்களைப் பார்க்கத் தொடங்கினார். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டையைப் பார்த்தார். இடது கையைத் திருப்பி விரல் நுனிகளைத் தடவினார். அங்கே கோடு கோடாகப் பள்ளம் விழுந்து, தோல் சிவந்திருந்தது.

“ரொம்ப இளைச்சிட்டாரா?”

“தவக்காலம்னு ஒருசந்தி புடிக்கிறாரு டாக்டர். ஒருவேளைச் சாப்பாடுதான்,” என்றாள் ஜெனிட்டா. “அது போதாதுன்னு, கோயில்ல கிட்டார் வாசிக்கிற மனுஷன், சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும் அதையும் தொடுறதில்லன்னு சாமிக்கு ஒறுத்தல் பண்ணிகினாரு. உறையோட பீரோ மேல கீது.”

கொர்னேலியஸ் சட்டென்று இடது கையை மடியில் மறைத்துக்கொண்டார். ரோனி அதைப் பார்த்தார். பார்த்தும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

டாக்டர் வலது முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம் துருத்தும் எலும்பைத் தேடினார். அங்கே தோல் கறுத்துத் தழும்பேறியிருந்தது. விரலால் லேசாகத் தட்டினார்.

“ஐயோ!” என்று துள்ளினார் கொர்னேலியஸ். “பாதம் வரைக்கும் கரண்டு அடிச்சா மாதிரி கீது!”

“ஆள் கெடைச்சிட்டான்,” என்றார் டாக்டர். மூவரையும் உட்கார வைத்துத் தானும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“முதுகுல டிஸ்க் நரம்பு வேரை அமுக்கியிருந்தா, பாதத்தை உள்ள திருப்புற தசையும், காலைப் பக்கவாட்டுல தூக்குற தசையும் சேர்ந்து சோர்ந்து போயிருக்கும். இவருக்கு ரெண்டும் கல்லு மாதிரி கீது. அப்போ கோளாறு முதுகுல இல்ல, கீழ. முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஒரு நரம்பு எலும்பைச் சுத்திகினு வருது. அதுக்கு மேல தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான் காவல். ஒருசந்தியில அந்தக் கொழுப்பும் போச்சு.”

“சரி டாக்டர், அமுக்கினது யாரு?” என்றார் ரோனி. தன் டிஸ்க் கணிப்பு தப்பிப்போன வருத்தம் போய், இப்போது அவருக்குக் கதை முடிவு தெரிய வேண்டும்.

“அவரோட இடது முட்டிதான். கிட்டார் வாசிக்கிறவங்க எப்படி உக்காருவாங்க? வலது காலைத் தூக்கி இடது கால் மேல போட்டு, அது மேல கிட்டாரை வெப்பாங்க. இந்த விரலுங்க கிட்டாரை விட்டு ஒரு நாள்கூட ஆகல.” அவர் கொர்னேலியஸைப் பார்த்தார். “உங்க கோயில் பாட்டுக்குழு எங்க ஒத்திகை பாக்குதுண்ணா?”

கொர்னேலியஸின் கண் கலங்கியது. “ரயில்லதான் டாக்டர். எல்லாரும் ஒரே பெட்டியில போறவங்க. வீட்டுக்கு வந்தா ராத்திரி ஆயிடுது, வேற எங்க டைம்? ஈஸ்டர் பாட்டு ஒண்ணும் சரியா வரல. குழுவுல பாடுற டேவிட்டோட கிட்டார் இருந்துச்சு. ஒரு நாள்னு தொட்டேன், அப்புறம் போகச்சொல்ல வரச்சொல்ல தினமும். மூணு பேர் சீட்டுல நாலு பேர். ஓரத்துல காலை எறக்கவே எடம் இல்ல.” அவர் வலது முழங்காலைத் தடவினார். “ஒறுத்தலை மீறினேன், சாமி காலை எடுத்துகினாருன்னு நெனச்சேன்.”

“அதுக்காக முதுகைக் கிழிக்க ஒத்துகினியா?” ஜெனிட்டாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “பரிகாரமா? சொல்லுய்யா!”

அவர் ஆமென்று தலையாட்டினார்.

“உங்க சாமிகிட்ட நீங்க பேசிக்குங்கண்ணா,” என்றார் டாக்டர். “நரம்பைப் பத்தி நான் சொல்றேன். அறுபடல, நசுங்கியிருக்கு. நரம்பு டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். கால் மேல கால் போடக்கூடாது, முட்டி போடக்கூடாது, நல்லா சாப்பிடணும். பாதத்தைத் தாங்க ஒரு பட்டை, ரோனிண்ணாகிட்ட பயிற்சி. சில வாரமோ சில மாசமோ ஆகும். பெரும்பாலும் முழுசா திரும்பிடும். மறுபடி ஃபோர்க்லிஃப்ட் பெடல் மிதிப்பீங்க.”

பெங்களூரு சர்ஜனை அவரே போனில் பிடித்தார். உள்பக்கம் திருப்பும் தசை வலுவாக இருக்கிறது என்று கேட்டதும் அந்தப் பக்கம் காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, டெஸ்ட் முடியட்டும், திங்கட்கிழமை வேண்டாம் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

ரோனிக்கே நெஞ்சில் இருந்த கனம் இறங்கியது. தான் தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஜெனிட்டா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க வருவதாக இருந்த தன் அண்ணனுக்கு போன் போட்டாள்.

“அண்ணே, திங்கக்கிழமை வரவேணாம். ஆபரேஷன் இல்ல. உன் ரத்தத்தை நீயே வெச்சுக்கோ,” என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல், அழுதுகொண்டே சிரித்தாள்.