செவ்வாய்க்கிழமை கட்டிய கடன்

"ஐயோ...!"

தேரடித் தெருவே திரும்பிப் பார்த்தது.

அலறியது அஞ்சம்மாள். கோயில் குளத்தில் முழுகிவிட்டு, ஈரப் புடவையோடு வீட்டுக்குள் நுழைந்தவள், கூடத்தைப் பார்த்ததும் கையிலிருந்த தூக்கைக் கீழே போட்டாள்.

அவள் கணவர் ராஜமாணிக்கம் கணக்கு மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் இரண்டு கிலோ இரும்பு எடைக்கல். பணப்பெட்டி திறந்து கிடந்தது.

உள்ளே ஒரு சல்லிக்காசு இல்லை!

திருவள்ளூரில் பாதிப் பேருக்கு வட்டிக்குக் கொடுத்தவர் ராஜமாணிக்கம். மீதிப் பேருக்குக் கொடுக்க மறுத்தவர். ஆக, அவருக்கு வேண்டாதவர்களுக்கு ஊரில் பஞ்சமே இல்லை.

1973, ஆவணி அமாவாசை. செவ்வாய்க்கிழமை. பகல் பன்னிரண்டு மணி.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஜகந்நாதன் ஜீப்பிலிருந்து குதித்தார். கணக்கப்பிள்ளை பரசுராமன் தூணோரம் ஒண்டிக்கொண்டிருந்தார்.

"கடைசியா இங்க வந்தது யாருய்யா?"

"சின்னராசு சார். வேப்பம்பட்டு ஆளு. கும்மிடிப்பூண்டி பட்டறையில லேத்து மிஷின் ஓட்றவன். பத்து மணி இருக்கும்... நான் தர்ப்பணம் பண்ணக் கெளம்பிக்கினு இருந்தேன். அவன் உள்ள வந்தான்."

"எதுக்கு?"

"மொதலாளிகிட்ட கடன் சார். வட்டியோட ஆயிரத்து ஐநூறு. அஞ்சு வருசமா இழுத்தடிக்கிறான்."

"பணம் கட்டினானா?"

"நான் இருக்கிற வரைக்கும் கட்டல சார்!"

ஏட்டு சுப்பராயன் ஒரு காகிதக் கட்டோடு ஓடி வந்தார். கடன் வாங்கியவர்கள் எழுதிக் கொடுத்த புரோநோட்டுகள்!

"ஐயா, கணக்குப்படி நாப்பத்திரெண்டு நோட்டு இருக்கணும். ஒண்ணு கொறையுது!"

"யாரோடது?"

"சின்னராசு எழுதிக் குடுத்தது!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். கேஸ் முடிந்தே போயிற்று என்று நினைத்தார். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

சாயங்காலம். ஸ்டேஷன்.

சின்னராசுவின் இரண்டு கன்னமும் வீங்கியிருந்தன. முப்பது வயது. நகக் கண்ணெல்லாம் கிரீஸ் கறுப்பு. என்ன நடந்தது என்றே புரியாமல் விழித்துக்கொண்டிருந்தான்.

"நோட்டு எங்கடா?"

"கரைச்சுட்டேன் சார்."

"என்னது?"

"கோயில் கொளத்துல சார். வெல்லத்தோட சேத்து..."

வீரராகவப் பெருமாள் குளத்தில் வெல்லம் கரைத்தால், வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும் என்பது ஊர் நம்பிக்கை. கடனும் ஒரு நோய்தானே என்று நினைத்துவிட்டான் சின்னராசு. கட்டி முடித்ததும் ராஜமாணிக்கம் திருப்பிக் கொடுத்த நோட்டை, வெல்லத்தில் சுற்றிக் குளத்தில் விட்டுவிட்டான்!

ஜகந்நாதன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட முட்டாளே! நீ கடனைக் கட்டினதுக்கு இருந்த ஒரே அத்தாட்சிடா அது!"

"இன்னொரு தபா அந்தக் கடன் என் ஊட்டு வாசல மிதிக்கக் கூடாதுன்னுதான் சார்..."

"பணம் ஏது?"

"மூணு வருசமா சேத்தது சார். ஊட்டுல வெச்சா செலவாயிடும்னு, பட்டறையில ஒரு காலி கிரீஸ் டப்பாவுல போட்டு வெச்சிருந்தேன்."

"அஞ்சு வருஷமா கட்டாதவன் இன்னைக்கு ஏன் கட்டினே?"

சின்னராசு கிரீஸ் விரலால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"என் பேரை நல்லாக்கிக்கணும்னு சார். சொந்தமா ஒரு பழைய லேத்து வாங்க பேங்குல லோன் கேட்டேன். பேங்குக்கே பெரியவரு, ஏஜென்ட் கிருஷ்ணஸ்வாமி ஐயா, ஊர்ல விசாரிச்சாரு. 'உன் பேரு கெட்டுக் கெடக்கு. ராஜமாணிக்கத்து கடனைத் தீத்துட்டு வா, மூவாயிரம் தரேன்'னாரு. திங்கக்கெழமையே கட்டச் சொன்னாரு. நான்தான்..."

"நீதான்?"

"செவ்வாக்கெழம கடன் அடைச்சா திரும்ப வராதுன்னு சொல்வாங்கல்ல சார்? அமாவாசையும் கூட வந்துச்சு. ஒரு நாள் தள்ளிக்கினேன்."

ஜகந்நாதன் வங்கிக்குப் போன் போட்டார்.

"ஆமாம் இன்ஸ்பெக்டர், நான்தான் கட்டச் சொன்னேன்." கிருஷ்ணஸ்வாமியின் குரலில் அனுதாபம் வழிந்தது. "பாவம், நல்ல தொழிலாளி. ஆனா கட்டினானா, இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

போனை வைத்தார் ஜகந்நாதன்.

"நீ கட்டினது நிஜம்னா, அந்தப் பணம் பெட்டியில இருக்கணும். இல்லையே! பணமும் இல்லாம நோட்டும் இல்லாம இருந்தா, கோர்ட் என்ன சொல்லும் தெரியுமா? அடிச்சுப் போட்டுட்டு நோட்டை எடுத்துக்கிட்டு ஓடினேன்னு சொல்லும்!"

காலையில் பேரைக் காப்பாற்றக் கிளம்பியவனுக்கு, இப்போது கழுத்தே மிஞ்சுமா என்பது சந்தேகமாகிவிட்டது.

ஸ்டேஷன் வாசலில் அவன் மனைவி மேரி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ராத்திரியானதும் ஏட்டு விரட்டினார். மறுநாளும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை காலை. அழுகை தீர்ந்துபோய் எழுந்தாள்.

வங்கி ஏஜென்டிடம் ஒரு கடிதம் கேட்கலாம். 'நான் சொல்லித்தான் அவன் கடனைக் கட்டப் போனான்' என்று இரண்டு வரி எழுதித் தந்தால் போதும். இன்ஸ்பெக்டர் மனம் இரங்கலாம். மூழ்குகிறவளுக்குத் துரும்பும் துணை!

"ஏஜென்ட் சார் ஆடிட்டரை ரயிலேத்திவிடப் போயிருக்கார். உட்காருங்க" என்றாள் கேஷியர் வைஜயந்தி.

மேரி பெஞ்சில் உட்கார்ந்தாள். கவுன்ட்டரில் பென்ஷன் வாங்க வந்த பெரியவர் ஒருவர் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். திடீரென்று மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது... நோட்டெல்லாம் எண்ணெய் நாத்தம் அடிக்குது?"

"அந்தக் கட்டே அப்படித்தான் சார். எனக்கும் தலைவலிக்குது. நேத்துக் காலைல ஏஜென்ட் சார் கொண்டு வந்து வெச்சார்."

மேரி மெல்ல எழுந்தாள்.

கவுன்ட்டரை நெருங்கினாள். அந்த வாடை...!

அடுத்த விநாடி கம்பிக்குள் கையை விட்டு, கட்டை அப்படியே அள்ளிக்கொண்டாள்!

"ஐயோ, திருடி! திருடி!"

ஸ்டேஷனில் போன் அலறியது.

"இன்ஸ்பெக்டர் சார்! பேங்க்ல ஒரு பொம்பள கொள்ளை அடிக்கிறா!"

"எத்தனை பேர்?"

"ஒருத்திதான் சார். ஆனா... வெளியே போக மாட்டேங்கிறா! போலீஸைக் கூப்பிடுன்னு அவளே சொல்றா!"

ஜகந்நாதன் இருபத்தைந்து வருட சர்வீஸில் இப்படி ஒரு கொள்ளையைக் கேள்விப்பட்டதில்லை. ஜீப் பறந்தது.

வங்கியின் நடுக்கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் மேரி. மடியில் பணக்கட்டு. சற்றுத் தள்ளி, அப்போதுதான் திரும்பி வந்திருந்த கிருஷ்ணஸ்வாமி கத்திக்கொண்டிருந்தார்.

"பிடிச்சு உள்ளே தள்ளுங்கோ! அரசாங்கப் பணம்!"

"கிட்ட வந்தா கடிச்சுடுவேன்!" என்றாள் மேரி. "சார், நீங்க வாங்க. மோந்து பாருங்க!"

"என்னம்மா விளையாடறியா?"

"எட்டு வருசமா அந்த ஆளு சட்டைய தொவைச்சுக்கினு இருக்கேன் சார். அவரு பட்டறை வாடை எனக்குத் தெரியாதா? இது என் ஊட்டுக்காரரு டப்பு!"

ஜகந்நாதன் ஒரு நோட்டை வாங்கி மோந்தார். கிரீஸ்! ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். மூலையில் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை. அடுத்த நோட்டு... அதிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும்!

மேரியை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பினார்.

"இந்தக் கட்டு எங்கேருந்து வந்தது சார்?"

"யாரோ... யாரோ கஸ்டமர் கட்டினது."

"அவர் பணம் கட்டின செலான் எங்கே?"

கிருஷ்ணஸ்வாமி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"சின்னராசுவோட ரேகையை முந்தாநாளே எடுத்து வெச்சிருக்கோம். ஒப்பிட்டுப் பாத்துடலாமா? சுப்பராயன்! அவனை ஜீப்ல கூட்டிட்டு வாய்யா. அப்படியே ரேகை காகிதத்தையும் எடுத்துக்கோ!"

சின்னராசு வாசற்படி ஏறியபோது, கிருஷ்ணஸ்வாமி நாற்காலியில் சரிந்திருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. காகிதத்தைப் பிரிக்கவே விடவில்லை.

"வேண்டாம்... நான் சொல்லிடறேன்."

சொன்னார்.

கிண்டி குதிரை ரேஸில் தோற்ற பணம். வங்கிப் பெட்டியிலிருந்து எடுத்தது. சரியாக ஆயிரத்து ஐநூறு. புதன்கிழமை காலை ஆடிட்டர் வருகிறார் என்று தகவல் வந்துவிட்டது. ராஜமாணிக்கத்திடம் கடன் கேட்டார். 'கையில் ரொக்கம் இல்லை, யாராவது கட்டினால் தருகிறேன்' என்றார் ராஜமாணிக்கம்.

"அப்பதான் இவன் ஞாபகம் வந்தது. இவனைத் திங்கக்கிழமை கட்ட வெச்சா, சாயந்திரமே அந்தப் பணத்தை நான் கடனா வாங்கிண்டுடலாம். யாருக்கும் நஷ்டமில்லே! ஆனா இவன்..." சின்னராசுவை வெறித்தார். "செவ்வாய்க்கிழமைன்னு உட்கார்ந்துட்டான்!"

"சரி, செவ்வாய்க்கிழமை வாங்கிக்க வேண்டியதுதானே?"

"போனேனே! மேஜைமேல பணம் இருக்கு. கண்ணால பார்க்கறேன். அவர் தர மாட்டேங்கறார். 'செவ்வாயும் வெள்ளியும் என் வீட்டுப் பணம் வாசல் தாண்டாது, நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்கோ'ங்கறார். ஒன்பது மணிக்கு ஆடிட்! கால்ல விழுந்தேன். 'பழக்கத்தை மாத்த முடியாது'ன்னு மேஜைப் பக்கம் திரும்பினார். எடைக்கல் கைக்கெட்டற தூரத்துல இருந்தது..."

ஒரு கடன் பணம் செவ்வாய்க்கிழமை உள்ளே வந்தது. அதே செவ்வாய்க்கிழமை வெளியே போக மறுத்தது. நடுவில் ஓர் உயிர் போய்விட்டது.

விலங்கு பூட்டினார் சுப்பராயன். மேரி பணக்கட்டை இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, புருஷனின் வீங்கிய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா..." சின்னராசு தயங்கித் தயங்கிக் கேஷியரிடம் கேட்டான். "என் மூவாயிரம் லோனு...?"

வைஜயந்தி பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தாள். பிரித்தாள். அவள் முகம் மாறியது.

"இது... போன வெள்ளிக்கிழமையே தள்ளுபடி ஆயிடுச்சே! 'கடன் நாணயம் இல்லாதவர்'னு ஏஜென்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார்."

லாக்கப்பில் அடி வாங்கியபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சின்னராசு, அந்த இடத்தில் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"கட்டியும் நான் கெட்டவன்தானா சார்?"

ஜகந்நாதனுக்கு வெட்கமாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அஞ்சம்மாளே கணக்கப்பிள்ளையோடு வேப்பம்பட்டுக்கு வந்தாள்.

"என் ஊட்டுக்காரரு கைக்குப் பணம் வந்துச்சுப்பா. பாக்கி இல்லன்னு எழுதியாந்திருக்கேன். கைநாட்டு வெச்சிருக்கேன் பாரு. இத்தையும் போய்க் கொளத்துல கரைச்சுடாதே!"

சின்னராசுவும் மேரியும் அந்தக் காகிதத்தோடு வங்கிக்குப் போனார்கள். புதிதாக வந்திருந்த ஏஜென்ட் இரண்டு முறை படித்தார். "பழைய பாக்கி தீர்ந்தது, சரி. ஆனா ஃபைல்ல கெட்ட குறிப்பு இருக்கே. அரசாங்க உத்தியோகத்துல இருக்கிற ஒருத்தர் ஜாமீன் கையெழுத்துப் போடட்டும். லோன் தரேன்" என்றார்.

அரசாங்க உத்தியோகத்தில் அவர்களுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்!

ஸ்டேஷனில் ஜகந்நாதன் இருவரையும் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டார். ஜாமீன் பாரத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பேனாவைத் திறந்தார்... மூடினார்.

"இன்னா சார், எங்க மேல நம்பிக்க இல்லியா?" மேரியின் கண் கலங்கிவிட்டது.

"சேச்சே! உங்க நாணயத்துக்கு என்னம்மா குறை?" இன்ஸ்பெக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானே அதே பேங்க்ல ஸ்கூட்டர் லோன் வாங்கி எட்டு மாசத் தவணை கட்டலை. நான் கையெழுத்துப் போட்டா, உங்க பேருமில்ல கெடும்!"