பாக்காவ் தீவிலிருந்து வந்தவர்கள்

1927-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு லியனார்ட் பிரிக்பீல்ட்ஸில் ரயிலேறி போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் இறங்கினான். ரயில்வே ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. கழுத்தில் புது பைனாகுலர். கிள்ளான் ஆற்று முகத்துவாரத் தீவுகளுக்குத் துரைமார்கள் பறவை பார்க்கப் போகிறார்களாம். அவனும் பார்த்தே தீர வேண்டும்.

சம்பான் படகில் துடுப்பு போட்ட நாகையாவை அவன் மனிதராகவே மதிக்கவில்லை. முதல் தீவில் கடலுக்குப் படையல் வைத்த பூர்வகுடிகளைக் கண்டு முகம் சுளித்தான். மீனவர் குடிசைகளைக் கடக்கையில் மூக்கைப் பொத்தினான். நாரைகளும் வெண்கொக்குகளும் மட்டுமே அவன் தகுதிக்கு ஏற்றவையாக இருந்தன.

கடைசித் தீவு நெருங்கியதும் நாகையா துடுப்பை நிறுத்தினார்.

"அங்க வேணாம் கிராணி ஐயா. ஒரு கப்பல்ல வாந்திபேதி கண்டவங்கள உசுரோட இறக்கி விட்டுட்டுப் போன எடம்."

"யாரு, கூலிங்கதானே? செத்தும் எடத்த அடைச்சிக்கிட்டு இருக்குதுங்களா? ஓட்டுய்யா!"

லியனார்ட் மட்டும் கரையிறங்கி நடந்தான். பட்டப்பகல்தான். ஆனாலும் பாக்காவ் எனும் அலையாத்தி மரங்களுக்கடியில் அந்திபோல் மங்கியிருந்தது. வேர்கள் சேற்றில் கால் பரப்பி நின்றன. லியனார்ட் பைனாகுலரை உயர்த்தினான். கத்திக்கொண்டிருந்த மீன்கொத்தி சட்டென்று அடங்கியது. பூச்சிகளும் ஓய்ந்தன. புளித்த கஞ்சியும் பினாயிலும் கலந்த ஒரு வாடை மெல்ல எழுந்தது.

வேர்களுக்கு நடுவே முழங்கால்கள் தெரிந்தன.

குத்தவைத்து உட்கார்ந்திருந்த மனிதர்களின் முழங்கால்கள்.

பைனாகுலரை இறக்கினான். வெறும் வேர்கள்.

"தம்பி, நீ மரியநாயகம் மவனா?"

காதருகே ஒரு பெண் குரல், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல.

மரியநாயகம் அவன் தகப்பன். கூலிக் கப்பலில் வந்தவர் என்பதை ஆபீசில் ஒருவருக்கும் தெரியாமல் அவன் மறைத்து வைத்திருந்தான்.

"உங்கப்பன் எங்க கப்பல்தான். நோவில்லன்னு அவன மட்டும் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வந்து எங்கள ஏத்திக்கறேன்னான்."

நடுக்கத்திலும் அவனுக்குக் கௌரவம்தான் முன்னால் வந்து நின்றது.

"எங்கப்பனுக்கு உங்கள மாதிரி ஆளுங்களத் தெரியவே தெரியாது! தூரப் போங்க!"

சேற்றில் மட்டும் சளக், சளக்கென்று சத்தம்.

ஒரு ஜோடிக் கால்கள் அல்ல.

விழுந்தடித்து ஓடிச் சம்பானில் ஏறினான். நாகையா கழியை ஊன்றித் தள்ளினார், நகரவில்லை. இரண்டே பேர் இருந்த சம்பான் விளிம்புவரை தண்ணீரில் அமிழ்ந்து கிடந்தது.

"ஏறிட்டாங்க ஐயா," நாகையா தலைத்துண்டை அவிழ்த்தபடி கிசுகிசுத்தார். "எதுவும் பேசாதீங்க. பேசினது போதும்."

சம்பான் மெல்ல ஊர்ந்து துறை சேர்ந்தது. லியனார்ட் குதித்து இறங்கிய பிறகு, சம்பான் கொஞ்சம் கொஞ்சமாக மேலெழுந்தது. ஒவ்வொருவராக இறங்குவதுபோல.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மாலை ரயிலில் ஆளில்லாத இரண்டாம் வகுப்புப் பெட்டி ஒன்றைத் தேடி ஏறி, கதவைச் சாத்திக் கண்ணை மூடிக்கொண்டான்.

கிள்ளான் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் தம்புசாமி கதவைத் திறந்தார். தெரிந்தவர்தான். காலி இருக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் கோணியது.

"என்ன மிஸ்டர் லியனார்ட், படிச்சவரு நீங்க. இந்தக் கூலிக் கூட்டத்தையெல்லாமா செகண்ட் கிளாஸ்ல ஏத்திட்டு வருவீங்க? அந்தப் பொம்பள வேற, ஈரத் தலையோட உங்க தோள்ல சாஞ்சு தூங்குது."