அப்பாவின் பாக்கெட்டில் இரண்டு முட்டைகள்

லூச்காவின் அப்பா வின்கோவுக்குக் கை சும்மாவே இருக்காது.

அவர் வீட்டை ஒட்டியே கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். பகல் முழுக்க ஸ்பானர் பிடித்த கைகள் வீட்டுக்கு வந்த பிறகாவது ஓய வேண்டாமா? ஓயாது. லூச்கா ஷூ லேஸ் கட்டலாமே என்று நினைப்பாள். குனிந்து பார்த்தால் அப்பா கட்டி முடித்திருப்பார். ரொட்டிக்கு ஜாம் தடவக் கத்தியைத் தேடுவாள். திரும்பிப் பார்த்தால் ஜாம் தடவிய ரொட்டி தட்டில் உட்கார்ந்திருக்கும்.

லூச்காவுக்குப் பத்து வயது. பத்து வயதில் ஜாம் தடவத் தெரியும் என்ற விஷயம் அப்பாவின் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

போன வருடம் பள்ளியில் பறவைகளுக்கு மரவீடு செய்யும் போட்டி நடந்தது. லூச்கா நான்கு ஆணி அடித்தாள். மீதியை எல்லாம் அப்பா செய்துவிட்டார். தகரக் கூரை, வழுக்கித் திறக்கும் கதவு, மழைநீர் வடியக் குழாய். முதல் பரிசு கிடைத்தது. "இந்தக் கூரையை எப்படிம்மா மடிச்சே?" என்று ஆசிரியை எல்லோர் முன்னாலும் கேட்டார். லூச்காவுக்கு முகம் சிவந்து போனது. பரிசுச் சான்றிதழை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை.

அவளுக்கு உயிர் என்றால் அது 'நீர்நாய்கள்'தான். அது அவர்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகளின் சாரணர் குழு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தீயணைப்பு நிலையத்தின் மாடியில் கூடுவார்கள். முடிச்சுப் போடுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், கொல்பா ஆற்றங்கரையில் ஓடுவார்கள்.

அந்தக் கோடையில் குழுவை நடத்திய இரண்டு அக்காமாருக்கும் வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. பயிற்சி பெற்ற பெரியவர்கள் இரண்டு பேர் இல்லாமல் குழு நடக்கக் கூடாது என்பது விதி. பெற்றோர்களைக் கூட்டி வைத்து, "யாரு வர்றீங்க?" என்று கேட்டார்கள்.

பல் மருத்துவர் குவிதோ கை தூக்கினார். மற்ற எல்லோருக்கும் அந்த நிமிடம் பார்த்துத் தங்கள் ஷூவின் மேல் பெரிய அக்கறை வந்துவிட்டது. குனிந்த தலை நிமிரவில்லை.

அப்போது இன்னொரு கை எழுந்தது. எண்ணெய்க் கறை படிந்த கை.

"நான் வர்றேன்!" என்றார் அப்பா.

லூச்காவுக்கு ஒரே சந்தோஷம். கூடவே அந்தக் கைகளை நினைத்து ஒரு பயம்.

பயிற்சி இரண்டு நாள், ஆற்றங்கரைப் புல்வெளியில். பெரியவர்கள் பழகிப் பார்க்கப் பிள்ளைகள் வேண்டுமே, அதனால் நீர்நாய்களும் போனார்கள். அப்பாவின் பங்குக்கு லூச்கா, அவள் தோழி ஊலா, ஏழு வயது பினே மூவரும் வந்தார்கள்.

பயிற்சி தருபவள் மாருஷா அக்கா. வயது இருபத்து மூன்றுதான். ஆனால் அவள் விசில் ஊதினால் பல் மருத்துவரே வாயை மூடிக்கொள்வார்.

"நல்லா கேட்டுக்கோங்க," என்றாள் மாருஷா அக்கா. "பிள்ளைங்க வேலை செய்யும்போது உங்க ரெண்டு கையும் பாக்கெட்ல இருக்கணும். ஆபத்துன்னா மட்டும்தான் வெளிய வரணும். அவங்க தப்பாப் பண்ணட்டும், மறுபடி பண்ணட்டும். அவ்வளவுதான் பாடம்."

"இவ்வளவுதானா?" என்று சிரித்தார் அப்பா.

முதல் வேலை, பிள்ளைகள் கூடாரம் போட வேண்டும். ஊலா ஒரு கம்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அப்பாவின் கைகள் பாக்கெட்டிலிருந்து தாவி வெளியே வந்தன. நான்கே நிமிடம். கூடாரம் நின்றது.

மாருஷா அக்கா சுற்றி வந்து பார்த்தாள். "பிரமாதமா இருக்கே! யாரு போட்டது?"

"நாங்கதான்!" என்றார் அப்பா பெருமையாக.

"நாங்கன்னா?"

"நாங்க ஆப்பிள் சாப்பிட்டோம்," என்றான் பினே. அவன் பொய் சொல்லத் தெரியாத பையன்.

அடுத்து முடிச்சு. அப்பா போட்டார். அடுத்து வரைபடம். அப்பா வழி கண்டுபிடித்தார். பக்கத்துக் குழுவில் பல் மருத்துவர் கைகளைப் பாக்கெட்டில் விட்டபடி, "ம்ம், அப்புறம்?" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பிள்ளைகளின் கூடாரம் கோணல்தான். ஆனால் அவர்கள் போட்ட கூச்சலைக் கேட்டால் கோட்டையே கட்டிவிட்டார்கள் என்று தோன்றும்.

மாலையில் மாருஷா அக்கா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டாள். தனியாக என்றுதான் பெயர். மூன்று பிள்ளைகளின் காதும் அங்கேதான் இருந்தது.

"நீங்க ரொம்ப நல்ல மனுஷர், வின்கோ. ஆனா நாளைக்குச் சோதனையிலயும் இப்படியே ஆச்சுன்னா, என்னால உங்க பயிற்சித் தாள்ல கையெழுத்துப் போட முடியாது."

"அப்போ நீர்நாய்கள்?" என்று கேட்டார் அப்பா.

மாருஷா அக்கா தாளை மடித்து வைத்தாள். ஒரு பெரியவர் மட்டும் இருந்தால் குழு கிடையாது. ஊலாவின் கண்கள் நிரம்பிவிட்டன.

வெயில் சாயும் நேரத்தில் லூச்கா அப்பாவைத் தேடிப் போனாள். ஆற்றோரம் உட்கார்ந்து எல்லோருடைய தட்டுகளையும் தேய்த்துக்கொண்டிருந்தார். தட்டு தேய்ப்பது அன்று பினேயின் முறை.

"கை தானாப் போயிடுதும்மா," என்றார் அப்பா. "நீங்க திணறுறதைப் பார்த்தா எனக்குத் தாங்கல. உதவிதானே பண்றேன்?"

லூச்கா ஒரு தட்டை எடுத்தாள். கொஞ்ச நேரம் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா... அந்தப் பறவை வீட்டுக்கு முதல் பரிசு வந்துச்சுல்ல?"

"ஆமா! உன் பரிசு!"

"இல்லப்பா. உங்க பரிசு. எனக்கு அந்தக் கூரையை எப்படி மடிச்சதுன்னுகூடத் தெரியாது. டீச்சர் கேட்டப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அப்பாவின் கையிலிருந்த தட்டு தண்ணீரில் நழுவியது. அவர் அதைப் பிடிக்கவில்லை. லூச்காதான் எட்டிப் பிடித்தாள்.

"ஏன் கண்ணு எங்கிட்ட சொல்லல?"

"உங்களுக்கு மனசு கஷ்டப்படும்னுதான்."

அப்பா லூச்காவின் தலையை ஈரக் கையால் தடவினார். "நாளைக்கு நான் சும்மா இருக்கேன்," என்றார் மெல்ல. "இருந்துடுவேனா?"

லூச்காவுக்கு அப்பாவின் மனதின் மேல் நம்பிக்கை இருந்தது. கைகளின் மேல்தான் இல்லை.

மறுநாள் காலை சோதனை. ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் அடுப்பு மூட்டி ஷ்மோர்ன் செய்ய வேண்டும். முட்டை, மாவு, பால் கலந்து வாணலியில் ஊற்றி, வெந்ததும் துண்டு துண்டாகப் பிய்த்துச் சாப்பிடுவதுதான் ஷ்மோர்ன். பிளம் பழக் கூழோடு தின்றால் நாக்கு அடங்காது.

பொருட்களை வாங்கி வந்தபோது பினே முட்டைக் கூடையில் இடறித் தடுமாறினான். நல்லவேளை, ஒன்றும் உடையவில்லை. அதைப் பார்த்ததும் லூச்காவுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"அப்பா, ஆறு முட்டைதான் இருக்கு. பினே கூடையைக் கவுத்துட்டா அவ்வளவுதான். ரெண்டை நீங்க பத்திரமா வெச்சுக்கறீங்களா?"

சொல்லிக்கொண்டே வலது பாக்கெட்டில் ஒன்று, இடது பாக்கெட்டில் ஒன்று வைத்தாள். "கையை உள்ளேயே வெச்சு மூடிக்கோங்க. வேகமா இழுத்தா உடைஞ்சுடும்."

அப்பா லூச்காவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "கெட்டிக்காரி," என்று முணுமுணுத்துவிட்டு முட்டைகளைக் குஞ்சுகளைப் போலப் பொத்திக்கொண்டார். தூரத்தில் நின்ற மாருஷா அக்கா தாளில் ஏதோ எழுதுவதுபோல் குனிந்து சிரிப்பை மறைத்தாள்.

விசில் ஒலித்தது.

லூச்காவும் ஊலாவும் விறகை அடுக்கினார்கள். பினே காகிதத்தைச் சுருட்டி வைத்தான். லூச்கா தீக்குச்சி உரசினாள். காகிதம் எரிந்தது, விறகு எரியவில்லை. மறுபடி உரசினாள். புகைதான் வந்தது.

அப்பாவின் தோள்கள் துடித்தன. முகம் தக்காளி மாதிரி ஆனது. ஆனால் கை வரவில்லை. கை வர முடியாததால் வாய் வந்தது.

"பிள்ளைங்களா, கார் ஓட என்னென்ன வேணும்?"

"பெட்ரோல்!" என்றாள் ஊலா.

"நெருப்புப் பொறி," என்றாள் லூச்கா. பட்டறைக்காரர் மகளாயிற்றே.

"ரெண்டும் இருந்தும் என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்துச்சு. ஸ்டார்ட் ஆகவே இல்ல. ஏன்?"

பினே மூக்கைச் சொறிந்தான். "காத்துப் போற வழி அடைச்சுருச்சா?"

அப்பா பதில் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மூன்று பேரும் விறகைப் பார்த்தார்கள். சுவர் மாதிரி நெருக்கமாக அடுக்கியிருந்தார்கள்!

"பிரிங்க, பிரிங்க!" என்று கத்தினாள் லூச்கா. குச்சிகளைக் குடிசை மாதிரி சாய்த்து வைத்தார்கள். இந்த முறை ஒரு தீக்குச்சியிலேயே நெருப்பு பற்றிக்கொண்டது.

"எரியுது! நாமளே மூட்டிட்டோம்!" பினே குதித்தான். குதித்தவன் இன்னும் கிட்டே பார்க்க வேண்டும் என்று குனிந்தான். அவன் கழுத்துத் துணியின் முடிச்சு தளர்ந்திருந்தது. துணியின் முனை நெருப்பை நோக்கித் தொங்கியது.

லூச்கா வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் வலது கை பறந்து வந்தது. பினேயின் சட்டையைப் பிடித்து அவனை அப்படியே பின்னால் தூக்கி நிறுத்தியது.

அப்பாவின் கை முழுக்க மஞ்சள் கரு. பாக்கெட்டிலிருந்து கால் வழியாக ஒழுகி ஷூவுக்குள் இறங்கியது.

அப்பா தன் கையைப் பார்த்தார். "போச்சு," என்றார் மிகச் சின்னக் குரலில்.

பிறகு அவர் ஒன்று செய்தார். "பினே, உன் முடிச்சை நீயே இறுக்கிக்கோப்பா," என்று சொல்லிவிட்டு, அந்த மஞ்சள் கையை மறுபடியும் அந்தக் கொழகொழ பாக்கெட்டுக்குள்ளேயே விட்டுக்கொண்டு நேராக நின்றார்.

ஊலாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

மாருஷா அக்கா கிட்டே வந்தாள். "கை வெளிய வந்துடுச்சே, வின்கோ?"

"வந்துடுச்சு," என்றார் அப்பா. "தப்புதான்."

"தப்பா? அது மட்டும் வராம இருந்திருந்தா இந்தத் தாளை இங்கேயே கிழிச்சுப் போட்டிருப்பேன்." அவள் அப்பாவின் பாக்கெட்டைக் காட்டினாள். "வேணுங்கிறப்ப வந்துச்சு. வேலை முடிஞ்சதும் திரும்பிப் போச்சு. அதுவும் எங்கே போச்சு பாருங்க! இதுக்கு மேல நான் என்ன சொல்லிக் குடுக்க?"

அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டாள். நீர்நாய்கள் போட்ட கூச்சலில் ஆற்று வாத்துகள் அக்கரைக்குப் போய்விட்டன.

ஷ்மோர்னுக்கு ஐந்து முட்டைதான் கிடைத்தது. ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் வேகாமல் இருந்தது. பல் மருத்துவர் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, "பல்லுக்கு நல்ல பயிற்சி," என்றார். அப்பா மூன்று தட்டு சாப்பிட்டார். அன்று தட்டுகளைத் தேய்த்தது பினே.

அடுத்த வாரம் லூச்கா பட்டறையின் மூலையில் உட்கார்ந்து ஒரு புதிய பறவை வீடு செய்துகொண்டிருந்தாள். சுவர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கூரை மூன்று முறை கழன்று விழுந்தது. ஓர் ஆணி வளைந்தே போயிற்று. அப்பா பக்கத்திலேயே நின்று வியர்த்து வழிந்தபடி, "ம்ம், அப்புறம்?" என்றார்.

நான்காவது முறை கூரை நின்றது. லூச்கா தள்ளி நின்று பார்த்தாள். கோணல்தான். ஆனால் இந்தக் கூரையைப் பற்றி யார் கேட்டாலும் அவளால் ஒரு மணி நேரம் பேச முடியும்.

"கைதட்ட மாட்டீங்களாப்பா?"

"இப்போ முடியாதும்மா," என்றார் அப்பா, பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமல்.

அதே நேரம் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"இங்க இருந்த ரெண்டு முட்டையை யாரு எடுத்தது?"